தோழியின் திருமணத்துக்குச் சென்று திரும்பி, மறுநாளே உறவினரை வரவேற்பதற்கான வழிமுறை

ஆடி முடிந்து ஆவணி பிறந்தவுடன் அழைப்பிதழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கும். ஒரு மாதம் காத்திருந்த குடும்பங்கள் எல்லாம் வளர்பிறை முகூர்த்தங்களைத் தேடிப்பிடித்துத் தேதி குறிப்பதால், அந்த மாதத்தின் ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலிலும் பேருந்திலும் மண்டபத்திலும் இடம் கிடைப்பது அரிது. அதே வாரத்தில் பெற்றோரும் நம் வீட்டுக்கு வந்து தங்கத் திட்டமிட்டிருந்தால், எதை ஒத்திவைப்பது என்ற குழப்பமே முதலில் எழும். இரண்டையும் ஒத்திவைக்க வேண்டியதில்லை என்று என் அனுபவத்திலிருந்து உறுதியாகச் சொல்வேன். ஆனால் ஒன்றை மட்டும் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும்: திருமணத்துக்குப் புறப்படும் வெள்ளிக்கிழமை இரவு நாம் பூட்டிச் செல்லும் வீடு, அப்படியே திறந்து விருந்தினரை அமரவைக்கத்தக்க வீடாக இருக்க வேண்டும். திரும்பி வந்து செய்துகொள்ளலாம் என்று எந்த வேலையையும் மிச்சம் வைக்கக் கூடாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு திருமணத்தை முடித்துக்கொண்டு இரவுப் பேருந்தில் திரும்பி, திங்கட்கிழமை விடியற்காலையில் வீட்டைத் திறந்தபோது மேல்தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மோட்டாரைப் போடலாம் என்றால் மின்சாரமும் இல்லை. இரண்டு மணி நேரத்தில் மாமனாரும் மாமியாரும் வாசலில் நின்றார்கள். நீண்ட பயணம் செய்து வந்த பெரியவர்களைக் குளிக்கவும் வழியின்றி உட்காரவைத்த அந்தக் காலைப்பொழுதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. சென்ற ஆண்டு என் கல்லூரித் தோழியின் திருமணம் கும்பகோணத்தில் ஞாயிறு காலை 7.30 முதல் 9 மணி வரையிலான முகூர்த்தத்தில் நடந்தது. மறுநாளே கோவையிலிருந்து அம்மா, அப்பா, பெரியம்மா மூவரும் சென்னையில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அந்த முறை எல்லாம் ஒழுங்காக நடந்தது. எப்படி நடந்தது என்பதையே இங்கே எழுதுகிறேன்.

பயணச்சீட்டு

அழைப்பிதழ் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். நாள் குறித்த செய்தி தொலைபேசியில் வந்த அன்றே நாட்காட்டியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ரயில் முன்பதிவு, பயண நாளைச் சேர்க்காமல் 60 நாளுக்கு முன்பு காலை 8 மணிக்குத் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன்பு இது 120 நாளாக இருந்ததால், பழைய கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு மிக முன்னதாகத் தேடி ஏமாறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முகூர்த்த வாரத்தில் இரவு வண்டிகளின் படுக்கைகள் பதிவு திறந்த அன்றே நிரம்பிவிடக்கூடும் என்பதால் அந்தக் காலைப்பொழுதைத் தவறவிடாதீர்கள். தட்கலை நம்பித் திட்டம் போடுவது எனக்கு உடன்பாடில்லை. அது பயணத்துக்கு முந்திய நாள், குளிர்சாதன வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும் மற்றவற்றுக்கு 11 மணிக்கும் திறக்கும். இணையவழியில் எடுப்பதற்கு 2025 ஜூலை முதல் ஆதார் உறுதிசெய்த கணக்கு வேண்டும். உறுதியான தட்கல் சீட்டை ரத்துசெய்தால் பணமும் திரும்பாது.

சென்னையிலிருந்து கும்பகோணம் செல்ல உழவன் போன்ற இரவு வண்டிகள் உள்ளன. வெள்ளி இரவு ஏறினால் சனி விடியற்காலையில் போய்ச் சேரலாம். எழும்பூர் நிலையச் சீரமைப்புப் பணியின் காரணமாகச் சில வண்டிகள் தாம்பரத்தோடு நிறுத்தப்படுவதுண்டு. ஆகவே எந்த நிலையத்தில் ஏறுவது என்பதைச் சீட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பேருந்தில் செல்வதானால், 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையத்துக்குப் போக வேண்டும். வடசென்னையில் இருப்பவர்கள் அங்கே சென்று சேர்வதற்கே கணிசமான நேரத்தை ஒதுக்க வேண்டியிருக்கும்.

திரும்பும் பயணத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஞாயிறு முழுவதும் ஊரில் இருந்துவிட்டு இரவு வண்டியில் ஏறினால் விடுப்பு மிச்சமாகும் என்று தோன்றும். விருந்தினர் வராத வாரமாக இருந்தால் அது சரிதான். ஆனால் மறுநாள் காலையிலேயே பெற்றோர் வருகிறார்கள் என்றால், நடுவில் ஓர் இரவாவது நம் வீட்டில், நம் படுக்கையில் தூங்கி எழ வேண்டும். திருச்சியிலிருந்து தஞ்சாவூர் வழியாக வரும் சோழன் விரைவு வண்டி, நண்பகலை ஒட்டிக் கும்பகோணத்துக்கு வந்து மாலையில் சென்னையைச் சேர்கிறது. முகூர்த்தமும் பந்தியும் முடித்துக்கொண்டு அதில் ஏறிவிடலாம். தோழியோடு இன்னும் சிறிது நேரம் இருந்திருக்கலாமே என்ற ஏக்கம் இருந்தாலும், சனிக்கிழமை முழுவதும் உடனிருந்தால் அந்தக் குறை பெரிதாகத் தெரியாது.

விருந்தினரின் சீட்டையும் நாமே எடுத்துக் கொடுப்பது நல்லது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 60 வயது நிறைந்த ஆண்களுக்கும் 45 வயது நிறைந்த பெண்களுக்கும் கீழ்ப்படுக்கைக்கென்று தனி ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் ஒரு சீட்டில் ஒருவரோ இருவரோ மட்டும் பயணம் செய்தால்தான் அதைப் பயன்படுத்த முடியும். மூன்று பெரியவர்களையும் ஒரே சீட்டில் பதிவுசெய்தால் அந்த ஒதுக்கீடு கிடைக்காது. அதனால் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரு சீட்டும் பெரியம்மாவுக்குத் தனிச் சீட்டும் சேரன் இரவு வண்டியில் எடுத்தேன். வெவ்வேறு பெட்டிகளில் இடம் விழும் வாய்ப்பு இருந்தாலும், மூட்டுவலி உள்ளவரை மேல்படுக்கைக்கு ஏறச் சொல்வதைவிட இது மேல். கோவையிலிருந்து காலையில் புறப்பட்டு ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் சென்னை வரும் வந்தே பாரத் வண்டியும் இருக்கிறது. உட்கார்ந்தே வருவது சிரமமில்லை என்பவர்களுக்கு அது ஏற்றது. வீட்டில் நமக்கும் ஓர் அரைநாள் கூடுதலாகக் கிடைக்கும்.

பயணத் தேதியைச் சொன்னபோது அம்மா, "ஏங்கண்ணு, நீங்க வந்து எறங்கி ஒரு மூச்சு விடறதுக்குள்ள நாங்க வந்து நிக்கறமே, உங்களுக்குச் சிரமமா இருக்காதா?" என்று கேட்டார். வருகிறவர்களின் மனத்தில் இந்தத் தயக்கம் இருக்கும். நம் திட்டத்தை முழுவதுமாக அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால், வந்த பிறகு ஒவ்வொன்றுக்கும் கூச்சப்பட்டு ஒதுங்கி நிற்க மாட்டார்கள்.

புறப்படுவதற்கு முன் வீடு

புதன், வியாழன் இரு மாலைகளை இதற்கென்றே ஒதுக்குங்கள். விரிப்புகளையும் போர்வைகளையும் துவைத்து உலர்த்தி, ஒவ்வொருவருக்கும் பாய், தலையணை, போர்வை, துண்டு என்று தனித்தனியாக அடுக்கி வைத்துவிட வேண்டும். தரையில் படுத்து எழ முடியாதவருக்குக் கட்டிலை விட்டுக்கொடுப்பது யார், நாம் எங்கே படுப்பது என்பதையும் அப்போதே முடிவுசெய்துவிடுங்கள். குளியலறையில் வழுக்காத மிதியடி, உட்கார்ந்து குளிக்க உயரமான முக்காலி, இரவில் எரிய ஒரு சிறு விளக்கு ஆகிய மூன்றும் கட்டாயம் வேண்டும். பழகிய வீட்டில் இருட்டிலும் நடக்கும் பெரியவர்கள், புது இடத்தில் இரவு எழுந்து செல்லும்போதுதான் தடுமாறி விழுகிறார்கள்.

தண்ணீர் பற்றி மேலே சொன்னதே போதும் என்றாலும் மீண்டும் சொல்கிறேன். வெள்ளி மாலை மேல்தொட்டியை நிரப்பிவிட்டு, வீட்டுக்குள் வரும் குழாயின் திருகை மூடிவிட்டுப் புறப்படுங்கள். ஒழுகும் ஒரு குழாய் இரண்டு நாளில் தொட்டியைக் காலிசெய்துவிடும். சமையலறையில் இரண்டு குடமும் குளியலறையில் ஒரு பெரிய வாளியும் நிரப்பி மூடி வைத்தால், மின்சாரம் இல்லாவிட்டாலும் ஒரு காலைப்பொழுது ஓடிவிடும். குடிநீருக்கு 20 லிட்டர் கேன் இரண்டைக் கூடுதலாக வாங்கி வையுங்கள். எரிவாயு உருளையைத் தூக்கிப் பார்த்து, பாதிக்குக் கீழ் இருந்தால் மாற்று உருளைக்குப் பதிவுசெய்துவிடுங்கள். பால் போடுபவரிடம் சனி, ஞாயிறு வேண்டாம் என்றும், திங்கள் முதல் ஒரு லிட்டர் கூடுதலாக வேண்டும் என்றும் சொல்லிவிட்டு, அதை ஒரு தாளிலும் எழுதிக் கொடுங்கள். சாவி ஒன்றை நம்பிக்கையான பக்கத்து வீட்டில் கொடுத்து வைப்பது நல்லது. நம் வண்டி தாமதமானாலும் விருந்தினர் படிக்கட்டில் காத்திருக்க நேராது.

சமையலுக்கு வருவோம். முன்கூட்டியே மாவு அரைத்து வைத்துவிடலாம் என்று பலர் நினைப்பார்கள். வியாழக்கிழமை அரைத்த மாவு, குளிர்பெட்டியில் இருந்தாலும் திங்கட்கிழமைக்குள் புளித்துவிடும். தோசைக்கு ஆகலாம், பெற்றோருக்கு முதல் நாள் கொடுக்கும் இட்லிக்கு ஆகாது. ஞாயிறு மாலை களைத்து வந்து அரிசி ஊறப்போட்டு நள்ளிரவில் அரைப்பதும் வேண்டாத வேலை. முதல் நாள் காலைக்கு வெண்பொங்கல் போல் கைகொடுக்கும் உணவு வேறில்லை. மூன்று பங்கு பச்சரிசிக்கு ஒரு பங்கு லேசாக வறுத்த பாசிப்பருப்பு என்று வியாழக்கிழமையே அளந்து, கலந்து, டப்பாவில் போட்டு வைத்துவிட்டால், திங்கள் காலையில் கழுவி, அந்தக் கலவையைப்போல் ஐந்து மடங்கு நீர் ஊற்றிக் குக்கரில் ஏற்றுவது மட்டுமே வேலை. மதியத்துக்கு எங்கள் கொங்குப் பகுதியின் அரிசியும் பருப்பும் சாதம் வைத்தேன். துவரம்பருப்பும் அரிசியும் சின்ன வெங்காயமும் பூண்டும் சேர்த்து ஒரே பாத்திரத்தில் முடிந்துவிடும். உடன் அப்பளமும் தயிரும் இருந்தால் போதும். சொந்த ஊர்ச் சுவையை முதல் வேளையிலேயே கண்டவுடன் பெரியம்மாவின் முகத்தில் பயணக் களைப்பு பாதி நீங்கியது. நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றிச் செய்த வத்தக்குழம்பை வியாழன் இரவே வைத்து, ஆறியபின் குளிர்பெட்டியில் எடுத்து வைத்தால் திங்கள் இரவுச் சாப்பாட்டுக்கு ஆகும். காய்கறிகளில் சேனை, கருணை, பூசணி, உருளை, வெங்காயம் ஆகியவை காத்திருக்கும். கீரையையும் வெண்டையையும் வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

மண்டபத்தில்

பட்டுப்புடவையை மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி, மடிப்பு நசுங்காமல் பெட்டியின் மேற்பகுதியில் வையுங்கள். அதற்குரிய ரவிக்கை, உள்பாவாடை, ஊக்கு ஆகியவற்றை அதே துணிக்குள் சேர்த்துக் கட்டிவிட்டால், விடியற்காலையில் பத்துப் பேர் தங்கியிருக்கும் அறையில் பெட்டியைக் கவிழ்த்துத் தேடவேண்டியிருக்காது. முகூர்த்தம் 7.30 என்றால் 4.30 மணிக்கு எழுந்து குளித்துவிடுங்கள். ஐந்தரைக்குப் பிறகு குளியலறை வாசலில் வரிசை நிற்கும், சுடுநீரும் தீர்ந்துவிடும்.

தங்குமிடம் குறித்து மணப்பெண்ணையோ அவருடைய பெற்றோரையோ அழைத்துத் தொந்தரவு செய்யாதீர்கள். ஒவ்வொரு திருமணத்திலும் அறைச் சாவிகளைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றும் அண்ணனோ சித்தப்பாவோ ஒருவர் இருப்பார். அவருடைய எண்ணை ஒரு வாரம் முன்பே கேட்டு வாங்கி, எத்தனை பேர், எந்த வண்டியில், எத்தனை மணிக்கு என்பதை ஒரே செய்தியாக அனுப்பிவிடுங்கள். விடியற்காலையில் வந்திறங்கும் நாம் எப்படித் திருமண வீட்டாருக்குச் சுமையாகாமல் இருப்பது என்று யோசிக்கிறோமோ, அதே யோசனையோடுதான் நம் விருந்தினரும் நம் வீட்டுக்கு வருகிறார்கள்.

சனிக்கிழமை பகலில் சிறிது உறங்கிவிட்டு, தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்குச் சென்றுவந்தோம். 2004-ஆம் ஆண்டு உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அந்தக் கோயில், நகரிலிருந்து ஆட்டோவில் செல்லும் தொலைவில்தான் இருக்கிறது. தேர் வடிவில் சக்கரங்களோடும் குதிரைகளோடும் அமைந்த அதன் முன்மண்டபத்தைக் காணாமல் கும்பகோணத்திலிருந்து திரும்புவது எனக்குப் பெரிய இழப்பாகத் தோன்றுகிறது. பிற்பகலிலேயே மண்டபத்துக்குச் சென்று, தாம்பூலப் பை போடும் வேலையிலோ பூக்கட்டும் வேலையிலோ உட்கார்ந்துவிடுங்கள். கல்லூரி நாட்களின் கதைகளை நிம்மதியாகப் பேசுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. மேடையில் நின்று படமெடுத்துக்கொள்ளும் இரண்டு நிமிடத்தில் எதுவும் பேச முடியாது.

மொய்யைச் சனிக்கிழமை இரவு வரவேற்பிலேயே எழுதிவிடுங்கள்; காலையில் நேரம் இருக்காது. 501, 1001 என்று ஒரு ரூபாய் சேர்த்து வைப்பதுதான் வழக்கம். உறையின் மேல் பெயரோடு ஊரையும் தெளிவாக எழுத வேண்டும், ஏனென்றால் நாளை நம் வீட்டு விசேஷத்தின்போது அவர்கள் அந்த நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துத்தான் செய்முறை செய்வார்கள். பரிசாக ஏதேனும் கொடுக்க விரும்பினால் நண்பர்கள் சேர்ந்து ஒரே பொருளாகக் கொடுப்பதே சிறந்தது. சென்னையிலிருந்து சுமந்து செல்லவும் வேண்டாம். புவிசார் குறியீடு பெற்ற நாச்சியார்கோவில் குத்துவிளக்கு கும்பகோணத்துக்கு அருகிலேயே செய்யப்படுகிறது. தோழிகள் நால்வர் சேர்ந்து அதைத்தான் வாங்கிக் கொடுத்தோம்.

கெட்டிமேளம் கொட்டுவதற்குக் கால்மணி நேரம் முன்பே அட்சதையோடு இருக்கையில் இருங்கள். தாலி கட்டியதும் மேடையை நோக்கி எல்லோரும் எழுந்து செல்லும் நேரத்தில், வண்டி பிடிக்கவேண்டியவர்கள் பந்திக்குச் செல்வது தவறாகாது. ஆனால் புறப்படும் முன்பு மணமக்களிடம் மட்டுமன்றி, தோழியின் தாய்தந்தையரிடமும் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு வர வேண்டும். மகளை அனுப்பிவைக்கும் அந்தக் காலைப்பொழுதில் அவளுடைய தோழிகள் வந்து கையைப் பிடித்துக்கொண்டால், அது அவர்களுக்கு எவ்வளவு ஆறுதல் என்பதைத் தோழியின் அம்மாவின் கண்களில் பார்த்தேன்.

ரயில் நிலையம் செல்லும் வழியில் அப்பாவுக்காகக் கும்பகோணம் கொழுந்து வெற்றிலை இரண்டு கவுளி வாங்கி, ஈரத்துணியில் சுற்றிக்கொண்டேன். தாம்பூலப் பைகளில் கிடைத்த தேங்காய்கள் மூன்றும் திங்கள் காலைச் சட்னிக்கு ஆயின. திருமண வீட்டுத் தேங்காய் என்று சொன்னவுடன் பெரியம்மா, பெண்ணுக்கு எந்த ஊர், மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்டுக்கொண்டே தாமே துருவத் தொடங்கினார்.

அவர்கள் வந்த பிறகு

ஞாயிறு மாலை வீட்டுக்கு வந்ததும் செய்யவேண்டியவை நான்குதான். குழாய்த் திருகைத் திறப்பது, வழியில் வாங்கிய பாலைக் காய்ச்சி உறை ஊற்றுவது, காபி வடிகட்டியில் பொடி போட்டு வைப்பது, உறங்குவது. பயணத் துணிகளைத் துவைக்கும் வேலையை அன்று தொடவே வேண்டாம்.

சென்ட்ரலிலிருந்து எங்கள் நங்கநல்லூருக்கு மெட்ரோவில் வண்டி மாறாமலே வரலாம். மின்தூக்கிகளும் உண்டு. இருந்தாலும் மூன்று பெட்டிகளும் ஒரு பலாப்பழமுமாக வரும் பெரியவர்களை வாடகைக் காரில் அழைத்துவருவதே முறை. மெட்ரோவைப் பிந்திய நாட்களில் ஊர்சுற்றப் பயன்படுத்திக்கொள்ளலாம். யாராவது ஒருவர் நடைமேடைக்கே சென்று பெட்டிக்கு எதிரில் நிற்க வேண்டும். நிலைய வாசலில் காத்திருப்பதாகத் தொலைபேசியில் சொல்வது வரவேற்பு ஆகாது.

முதல் நாள் எங்கும் அழைத்துச் செல்ல வேண்டாம். அவர்களும் நாமும் ஓய்வெடுக்கட்டும். அன்று மதியம் அரிசி ஊறப்போட்டால் செவ்வாய்க்கிழமை காலை இட்லி தயார். அதன் பிறகும் ஒரு நாளைக்கு ஓரிடம் போதும். வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும் தட்சிணசித்ரா பாரம்பரிய அருங்காட்சியகத்துக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை, எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. 1851-இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத்திருமேனிகளைப் பார்க்கவே ஒரு முற்பகல் வேண்டும். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் நண்பகலில் நடை சாத்தப்பட்டு மாலையில்தான் திறக்கும் என்பதால், காலையிலேயே சென்றுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்புவது நல்லது. மாமல்லபுரம் செல்வதானால் விடியற்காலையில் புறப்பட்டுக் கடற்கரைக் கோயிலை வெயிலுக்கு முன் பார்த்துவிடுங்கள். ஆவணி வெயிலும் பெரியவர்களை வாட்டும்.

அவர்களுடைய மருந்துச் சீட்டின் படத்தை வரும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் உள்ளவருக்கு உணவு நேரம் தவறக் கூடாது என்பதால், வெளியே செல்லும்போதெல்லாம் கைப்பையில் சிறிது பொட்டுக்கடலையும் தண்ணீரும் இருக்கட்டும். அம்மா அடுப்படிக்கு வந்தால் தடுக்காதீர்கள். காய் நறுக்குவதும் கீரை ஆய்வதும் அவர்களுக்கு வேலை அல்ல, நம்மோடு பேசுவதற்கான வழி. பெரிய சமையலையும் பாத்திரம் கழுவுவதையும் மட்டும் நாம் வைத்துக்கொண்டால் போதும்.

புறப்படும் நாளில் புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் வாழையிலையில் கட்டிக் கொடுங்கள். இரண்டும் இரவு வண்டியில் கெடாமல் இருக்கும். பெண்களுக்கு வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், ரவிக்கைத் துணி வைத்துக் கொடுத்து, கார் வருவதற்கு அரைமணி முன்பு ஒருமுறை தலையணைக்கு அடியிலும் சன்னல் விளிம்பிலும் குளியலறை மாடத்திலும் பாருங்கள். மூக்குக்கண்ணாடி, மாத்திரை டப்பா, கைப்பேசி மின்னேற்றி ஆகிய மூன்றில் ஒன்றாவது அங்கே இருக்கும்.